ரத்தான தொடரும் கல்யாண வீடியோவும்

ஒரு வாசகர் கேட்டது: "ரசிகர்களே எடுத்ததை ஆவணப்படம் என்று சொல்லாதீர்கள். 'டன் தி இம்பாசிபிள்' பார்த்தேன். அது கல்யாண வீடியோ. எல்லோரும் சிரிக்கிறார்கள், எல்லோரும் வாழ்த்துகிறார்கள், பந்தியில் நடந்த சண்டை மட்டும் எங்கேயும் இல்லை. ஒரே சீசனில் நின்றுபோன ஒரு தொடருக்கு இவ்வளவு பக்தி எதற்கு?"

ஜூன் 4

சரியாகச் சொன்னீர்கள். கல்யாண வீடியோதான். 2006-இல் வந்தது. ஃபாக்ஸ் சேனல் 2002-இல் ரத்து செய்த 'ஃபயர்ஃப்ளை' தொடரின் ரசிகர்கள், தங்களைப் பற்றித் தாங்களே எடுத்துக்கொண்ட படம். தொடரில் ஜெயின் என்ற பாத்திரத்தில் வரும் ஆடம் பால்ட்வின்தான் தொகுத்து வழங்குகிறார். ரசிகர் பேசுவார், நடிகர் பேசுவார், மறுபடியும் ரசிகர் பேசுவார். கொஞ்ச நேரத்தில் யார் என்ன சொன்னார் என்பதே கலந்துவிடுகிறது. முதல் தடவை நான் பாதியில் நிறுத்திவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 4, இரவு

ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு: 2517-ஆம் ஆண்டு. ஓர் உள்நாட்டுப் போர் முடிந்து சில வருடங்கள் ஆகின்றன. தோற்ற பக்கத்தில் நின்ற மால் ரெனால்ட்ஸ், செரினிட்டி என்ற ஓட்டை விண்கலத்தில் ஒன்பது பேரோடு சின்னச் சின்னக் கடத்தல் வேலை செய்து பிழைக்கிறான். ஜாஸ் வீடன் உருவாக்கியது. 2002 செப்டம்பர் 20 அன்று ஆரம்பித்து டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 13 எபிசோட்.

தோற்றவர்கள் அந்தப் போரில் பழுப்பு நிறக் கோட்டு போட்டிருந்தார்கள். ரசிகர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் அதுதான்: பிரவுன்கோட். உலகத்தில் எந்த ரசிகர் கூட்டமும் ஜெயிக்கிற பக்கத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். இவர்கள் தோற்றவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். படத்தைப் பற்றி நான் என்ன முணுமுணுத்தாலும் இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 5

திருத்தம். 13 இல்லை, 14. ஒளிபரப்பானது 11. மூன்றை ஃபாக்ஸ் போடவே இல்லை. இதைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தும் எழுதியிருக்கிறேன், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மால் ஒன்பது "பேரோடு" இல்லை, அவனையும் சேர்த்துத்தான் ஒன்பது. அதையும் ஒருவர் சுட்டிக்காட்டிவிட்டார். நன்றி.

வந்ததே வந்தோம், எபிசோட் வரிசை மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேர முதல் கதையை வீடன் எடுத்துக் கொடுத்தார். சேனலுக்குப் பிடிக்கவில்லை, இன்னும் விறுவிறுப்பாக வேண்டும் என்றார்கள். வீடனும் தொடரின் எழுத்தாளர் டிம் மினியரும் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து வேறு ஒரு கதையை எழுதினார்கள், ஒரு ரயில் கொள்ளை. முதலில் ஒளிபரப்பானது அதுதான். யார் யார், எதற்காக இந்தக் கப்பலில் இருக்கிறார்கள் என்று சொல்லும் அந்த உண்மையான முதல் கதை எப்போது வந்தது தெரியுமா? டிசம்பர் 20, கடைசியாக. விருந்து முடிந்து எல்லோரும் கை கழுவிய பிறகு இலை போட்ட மாதிரி.

நடுவில் அக்டோபரில் பேஸ்பால் ஆட்டங்களுக்காகச் சில வாரம் நிறுத்தியும் வைத்தார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை இரவு. இந்த மாதிரித் தொடரைப் பார்க்கக்கூடியவர்கள் வீட்டிலேயே இருக்காத நேரம்.

ஜூன் 5, மதியம்

"சேனல் கொன்றுவிட்டது, சேனல் கொன்றுவிட்டது" என்று நானும் பாட ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள். சராசரியாக 47 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். அந்த சீசனின் தரவரிசையில் 98-ஆவது இடம். சரியான வரிசையில் போட்டிருந்தால் எண் ஏறியிருக்குமா? கொஞ்சம் ஏறியிருக்கலாம். காப்பாற்றும் அளவுக்கா? எனக்கு நம்பிக்கை இல்லை. விண்கலம், குதிரை, துப்பாக்கி, நடுநடுவே சீன மொழியில் வசவு. முதல் பத்து நிமிடத்தில் என் அக்கா கேட்டது: "இவங்க விண்வெளியில இருக்காங்களா, மாட்டுப் பண்ணையில இருக்காங்களா?" நியாயமான கேள்வி.

ஜூன் 7

ஆவணப்படத்தை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பொறாமைதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் நானும் ஒன்று எடுத்தேன். எடுக்க ஆரம்பித்தேன்.

டிவிடி பெட்டியை ஒரு நண்பன் கொடுத்தான். சரியான வரிசையில், 14 கதையும், இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். முடித்த கையோடு அதை அடுத்தவனுக்குக் கொடுத்தேன். அப்படியே ஐந்து பேர் சேர்ந்தோம். ரத்தாகிப் பல வருடம் ஆன தொடருக்கு நாங்கள் மெதுவாகத் துக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் இருந்த சின்ன கேமராவை அலமாரியில் வைத்து, ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காரவைத்துப் பேச விட்டேன். நாற்பது நிமிடப் பதிவு.

எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எல்லோரும் ஒரே மூன்று வாக்கியத்தைச் சொல்கிறார்கள். "முதலில் எனக்கு ஒட்டவே இல்லை." "அப்புறம் அந்தக் கப்பல் எஞ்சின் பழுதாகி நிற்கிற கதை வந்தது." "இவர்கள் என் குடும்பம் மாதிரி." ஐந்து பேர், மூன்று வாக்கியம், நாற்பது நிமிடம். காதலிப்பவர்களைக் கேமரா முன் உட்காரவைத்தால் இதுதான் கிடைக்கும். அவர்களுக்கு அது முதல் முறை, கேட்பவருக்கு நூறாவது முறை.

ஒருவன் மட்டும் வேறு மாதிரி பேசினான். "ரெண்டாவது சீசன் வந்திருந்தால் இது சாதாரணத் தொடராகப் போயிருக்கும், ரத்தானதுதான் இதுக்கு நல்லது" என்ற மாதிரி ஏதோ. அந்த நாற்பது நிமிடத்தில் உயிருள்ள பேச்சு அது ஒன்றுதான். அதை நான்தான் வெட்டி எறிந்தேன்.

பந்திச் சண்டை ஏன் வீடியோவில் இல்லை என்று கேட்டீர்களே. எடிட்டிங் செய்வது மாமன் மச்சான் என்றால் எப்படி இருக்கும்?

ஜூன் 8

இல்லை, "ரத்தானதுதான் நல்லது" என்பதை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது.

ஸ்டார் டிரெக் கதையைப் பாருங்கள். இரண்டாவது சீசனோடு நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பீஜோ டிரிம்பிள், அவர் கணவர் ஜான் டிரிம்பிள் இருவரும் கடிதப் போராட்டம் நடத்தினார்கள். என்பிசி சேனலே 1968 மார்ச் 1 அன்று ஒரு எபிசோட் முடிவில், தொடர் திரும்ப வரும் என்று அறிவித்தது. ஜெயித்தாயிற்று. என்ன கிடைத்தது? வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. 1969-இல் மறுபடி ரத்து. மூன்றாவது சீசன் முதல் இரண்டு போல இல்லை என்று அதன் ரசிகர்களே பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சீசன் சேர்ந்ததால்தான் கணக்கு 79 எபிசோட் ஆனது. உள்ளூர் சேனல்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்கக்கூடிய ஒரு எண். 1970-களில் அது உண்மையாகப் பரவியது அந்த மறு ஒளிபரப்பில்தான். ஆக, மோசமான சீசனைக் கேட்டு வாங்கியதும் வீண்போகவில்லை.

ஜெரிக்கோ இன்னொன்று. 2007-இல் சிபிஎஸ் அதை ரத்து செய்தது. கடைசிக் கதையில் நாயகன், சரணடையச் சொன்னவர்களுக்கு "நட்ஸ்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்வான். 1944-இல் பாஸ்டோனில் அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் ஜெர்மானியர்களுக்கு அனுப்பிய பதில் அது. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சேனல் அலுவலகத்துக்கு நிலக்கடலை அனுப்பினார்கள். ஏறக்குறைய 20 டன்! சேனல் இறங்கி வந்து ஏழு எபிசோட் கொடுத்தது. 2008 மார்ச்சில் அதையும் முடித்துவிட்டார்கள். 20 டன்னுக்கு ஏழு என்றால், ஒரு எபிசோடுக்குக் கிட்டத்தட்ட மூன்று டன் கடலை.

ஃபயர்ஃப்ளை ரசிகர்கள் கடலை அனுப்பவில்லை. காசு சேர்த்து வெரைட்டி பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள், அஞ்சலட்டை அனுப்பினார்கள். எதுவும் நடக்கவில்லை. 2003 டிசம்பரில் டிவிடி வந்தது, அது விற்றது. விற்றதைக் காட்டித்தான் வீடனால் யுனிவர்சலிடம் போய் 'செரினிட்டி' சினிமாவை எடுக்க முடிந்தது. அஞ்சலட்டையால் அசையாதவர்கள் கடைக்கணக்கைப் பார்த்து அசைந்தார்கள். வேறெந்தத் தொழிலிலும் அப்படித்தானே.

ஜூன் 8, கொஞ்ச நேரம் கழித்து

"பீஜோ டிரிம்பிள்" என்றால் ஆண் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பெண். போராட்டத்தின் முக்கால்வாசி மூளை அவருடையது என்பது என் கருத்து.

ஜூன் 11

ஆவணப்படத்தின் தலைப்புக்கு வருகிறேன். "நடக்காததை நடத்திக் காட்டினோம்" என்பது அதன் பொருள், தொடரின் வசனத்திலிருந்தே எடுத்தது. ரத்தான தொடர் பெரிய திரைக்கு வந்துவிட்டது, அதுதான் படத்தின் சந்தோஷ முடிவு. 2006-இல் அது நியாயமான முடிவு. இப்போது பார்க்கும்போது படம் நின்ற இடத்துக்கு அடுத்து நடந்ததுதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

'செரினிட்டி' 2005 செப்டம்பர் 30 அன்று வந்தது. செலவு சுமார் 3.9 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூல் சுமார் 4 கோடி. பார்க்க ஈடாகிவிட்ட மாதிரி இருக்கும். வசூலில் பாதிக்குப் பக்கம் தியேட்டர்காரர்களுக்குப் போகும், விளம்பரச் செலவு தனி. திரையரங்கக் கணக்கில் அது நஷ்டம். இரண்டாம் பாகம் வரவில்லை.

அந்த வருடம் மே மாதத்திலிருந்தே, முடிக்காத பிரதியை அமெரிக்க நகரங்களில் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அரங்கு நிறைந்தது, அடுத்த சுற்றில் இன்னும் பல நகரங்கள். ஸ்டுடியோவுக்கு இது ஊரெல்லாம் பற்றிக்கொள்கிற மாதிரித் தெரிந்திருக்கும். உண்மையில் அதே ஆட்கள்தான் மறுபடி மறுபடி வந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்து பேரைக் கூட்டிவந்த ஒருவரும் பத்து முறை வந்த ஒருவரும் டிக்கெட் கணக்கில் ஒன்றுதான். நானே ஒரு டிவிடி பெட்டியை மூன்று பேருக்குப் பரிசாக வாங்கியிருக்கிறேன். மூன்று புது ரசிகர்கள் என்று யாரோ ஒரு மேசையில் கணக்கு எழுதியிருப்பார்கள். அதில் ஒருவர் இன்னும் உறை பிரிக்கவில்லை. (அக்கா.)

அப்புறம் நடந்ததுதான் பந்திச் சண்டை. சினிமாவுக்கு ரசிகர்கள் தாங்களே போஸ்டர், பனியன் எல்லாம் செய்து விளம்பரம் பண்ணினார்கள். ஸ்டுடியோவும் அதை உற்சாகப்படுத்தியது. 2006-இல், அப்படிப் படம் வரைந்து விற்ற ஒரு ரசிகருக்கு யுனிவர்சல் தரப்பிலிருந்து வக்கீல் கடிதம் போனது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்றால், பில் போட்டார்கள். நாங்கள் உங்களுக்கு இலவசமாகச் செய்த விளம்பர வேலை இவ்வளவு என்று ஆளாளுக்கு மணிக்கணக்கைச் சேர்த்தார்கள். 28,000 மணி நேரத்துக்கு மேல் வந்தது, 21 லட்சம் டாலர் போல.

பணம் வரவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதுவரை பக்தி என்று பேர் வைத்திருந்த ஒன்றை முதல் முறையாக வேலை என்று எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆவணப்படத்தில் நான் தேடியது இந்தப் பில்லைத்தான்.

ஜூன் 12

தொப்பிக் கதையை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள். ஜெயினுக்கு அவன் அம்மா பின்னி அனுப்பும் அந்த ஆரஞ்சும் மஞ்சளுமான கம்பளித் தொப்பி. ரசிகர்கள் பத்து வருடமாக வீட்டிலேயே பின்னி விற்றார்கள், யாரும் கவலைப்படவில்லை. 2013-இல் அதிகாரபூர்வத் தொப்பிக்கு உரிமம் கொடுத்ததும், எட்ஸி தளத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு ஃபாக்ஸ் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. அம்மா பின்னின தொப்பிக்குத் தடை. உரிமம் வாங்கிய தொப்பியை விற்ற திங்க்கீக் கடைக்கே கூச்சமாகிவிட்டது போல, அதில் வரும் லாபத்தை ரசிகர்களின் தரும நிதிக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

அந்தத் தொப்பி யாருக்கும் அழகாக இருக்காது என்பதையும் பதிவு செய்கிறேன். போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 15

நேற்று ஆவணப்படத்தை முழுதாக மறுபடி பார்த்தேன். துணி மடிக்கப் போகவில்லை.

ஜூன் 4 அன்று எழுதியதைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கல்யாண வீடியோ என்பது சரிதான், ஆனால் அதை நாம் திட்டாகச் சொன்னோம். கல்யாண வீடியோவை அடுத்த வாரம் பார்த்தால் சலிப்பு. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் யாரும் மணமக்களைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு போகும் பெரியப்பாவைப் பார்ப்போம், அவர் இப்போது இல்லை. இதில் பாதிரியார் புக்காக நடித்த ரான் கிளாஸ் வருகிறார். 2016 நவம்பரில் அவர் இறந்துவிட்டார். முதல் தடவை அவர் பேசியது என் காதிலேயே விழவில்லை. நேற்று அவர் முகம் வந்ததும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. படம் முழுக்க வீடனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் குரல்கள் தழுதழுக்கின்றன. 2021-இல் நடிகை கரிஸ்மா கார்பெண்டர், வீடனின் வேறு தொடர்களில் தான் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிப் பகிரங்கமாக எழுதினார். வேறு சிலரும் பேசினார்கள். வீடன் பலவற்றை மறுத்தார். அது எல்லாம் தெரிந்த பிறகு அந்தத் தழுதழுப்பைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பேசியவர்கள் மேல் கோபம் வரவில்லை. 2006-இல் கேமரா என் பக்கம் திரும்பியிருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

வெளி ஆள் ஒருவர் வந்து இதே படத்தை எடுத்திருந்தால்? பில், வக்கீல் கடிதம், 98-ஆவது இடம் எல்லாம் வந்திருக்கும். கூடவே தொப்பி போட்ட ஒருவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு காட்சியும் கட்டாயம் வந்திருக்கும். இதில் அந்தச் சிரிப்பு ஒரு இடத்தில்கூட இல்லை. எடுத்தவர்களும் தொப்பிக்காரர்கள்தானே. எடுத்து முடித்து, காசு சம்பாதிக்காமல் யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு விட்டும் விட்டார்கள். ஸ்டுடியோவிடம் தங்களுக்கு என்ன கிடைக்காது என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

ஜூன் 15, இரவு

பொத்தான் கதை தெரியாதவர்களுக்காக.

கப்பல் எஞ்சின் பழுதாகி நிற்கும் அந்தக் கதையில், எல்லோரும் சின்ன ஓடங்களில் ஏறிப் போய்விடுவார்கள், மால் மட்டும் கப்பலில் நிற்பான். விமானி வாஷ் ஒரு பொத்தானைப் பொருத்திக் கொடுப்பான். அதிசயம் ஏதாவது நடந்து கப்பல் ஓடினால் இதை அழுத்து, நாங்கள் திரும்பி வருகிறோம் என்று. தொடர் ரத்தானபோது வாஷாக நடித்த ஆலன் டுடிக் படப்பிடிப்புத் தளத்திலிருந்து அந்தப் பொத்தானை எடுத்து வீடனிடம் கொடுத்தார். உங்கள் அதிசயம் வரும்போது எங்களைக் கூப்பிடுங்கள் என்று.

சினிமா வந்தது, பொத்தான் அழுத்தப்பட்டது, டுடிக்கும் வந்தார். வாஷுக்கு அதில் என்ன ஆனது என்பதைச் சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

ரத்துச் செய்தி வந்தபோது படமாகிக்கொண்டிருந்த கதையில் ஒரு சாவு வீடு வரும். கிரெக் எட்மன்சன் அதற்குப் போட்ட இசை, தொடருக்கே விடை கொடுக்க எழுதியது. அந்தத் தொப்பி வருவதும் இதே கதையில்தான். ஒரே கதையில் தொப்பியும் சாவும். ஃபாக்ஸ் போடாமல் விட்ட மூன்றில் அதுவும் ஒன்று.

ஜூன் 16

கேள்வி: "பக்தியால் தொடருக்கு என்ன லாபம்?"

தொடருக்கு ஒன்றுமில்லை. 2006-இலிருந்து ரசிகர்கள் வருடாவருடம் ஊர் ஊராக 'செரினிட்டி' திரையிட்டு, ஈக்வாலிட்டி நவ் என்ற பெண்ணுரிமை அமைப்புக்கு நிதி திரட்டினார்கள். 2007 ஜூனில் ஸ்டீவ் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் அட்லாண்டிஸ் ஓடத்தில் தொடரின் டிவிடியையும் சினிமாவின் டிவிடியையும் எடுத்துப் போய் விண்வெளி நிலையத்தில் வைத்துவிட்டு வந்தார். 98-ஆவது இடத்தில் இருந்த தொடர். முதல் இடத்தில் இருந்தது எங்கே போனது என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

ஜூன் 22

பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. மூன்று கேபிள் மாற்றி, ஒரு மணி நேரம் தட்டி, திறந்துவிட்டது. நாற்பது நிமிடம் இல்லை, இருபத்தாறு நிமிடம்தான். ஐந்து பேர் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தது நான்கு பேர். ஐந்தாவது ஆள் நான், கேமராவுக்குப் பின்னால் இருமிக்கொண்டு.

நான் வெட்டி எறிந்த பேச்சும் அப்படியே இருக்கிறது. ஜூன் 7 அன்று எழுதியது தப்பு. அவன் தொடர் சாதாரணமாகப் போயிருக்கும் என்றெல்லாம் சொல்லவில்லை. சொன்னது இது:

"ரெண்டாவது சீசன் வந்திருந்தா நான் பாதியில விட்டிருப்பேன்டா. ஆனா உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரணும்ல."

அதற்கப்புறம் நான்கு நொடி யாரும் பேசவில்லை. பிறகு என் குரல்: "சரி, இதை விட்டுடு, மறுபடி முதல்லேர்ந்து சொல்லு." அவன் சிரித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "முதல்ல எனக்கு ஒட்டவே இல்லை" என்று ஆரம்பிக்கிறான்.

கோப்பை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். தொப்பி எங்கே என்று கேட்டிருக்கிறான். இன்னும் பார்க்கவில்லையாம்.